பல வன்தட்டுகள் உள்ள கணினியில் இரட்டை இயங்குதளம்: பூட்லோடர் கோளாறுகளும் சீரமைப்பும்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, தொடங்கும் நேரத்தில் எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு டூயல் பூட் எனப்படுகிறது. விண்டோஸும் ஏதேனும் ஒரு லினக்ஸ் வழங்கலும் சேர்ந்திருப்பதே இதில் மிகப் பரவலான வகை. இரண்டையும் ஒரே வன்தட்டில் பார்ட்டிஷன் பிரித்து வைப்பவர்கள் உண்டு; ஆளுக்கொரு வன்தட்டு என்று ஒதுக்கிவிடுபவர்களும் உண்டு. வேகமான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டுப் பழைய வன்தட்டையும் விட்டுவைப்பது, லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடி எனப்படும் சட்டகம் ஒன்றைச் செருகி இரண்டாவது தட்டை வைப்பது ஆகியவற்றால் பல வன்தட்டுக் கணினிகள் பெருகியுள்ளன.

தனித்தனித் தட்டில் இருந்தால் ஓர் இயங்குதளம் மற்றதைப் பாதிக்காது என்ற எண்ணம் பாதிதான் சரி. கோப்புகளைப் பொறுத்தவரை அது உண்மை. கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரோ அந்தப் பிரிவுக்குக் கட்டுப்படுவதில்லை. அதன் முதல் துண்டு ஒரு தட்டிலும், அடுத்த துண்டு வேறொரு தட்டிலும், அவற்றைச் சுட்டும் குறிப்பு மதர்போர்டின் நினைவகத்திலும் இருக்கக்கூடும். இவற்றில் ஒன்று இடம் மாறினாலும், ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டாலும் கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடும்.

இப்படி நின்றுவிட்ட கணினிகளில் பெரும்பாலும் தரவு எதுவும் அழிந்திருப்பதில்லை. அழிவு நேர்வது பல சமயம் அதற்குப் பிறகுதான்: எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், இணையத்தில் கிடைத்த கட்டளையைத் தவறான தட்டின்மேல் ஓட்டும்போது. ஆகையால் இந்தச் சீரமைப்பில் பெரும்பகுதி கண்டறியும் வேலைதான். கண்டறிந்த பின் எழுத வேண்டிய கட்டளைகள் நான்கைந்துக்கு மேல் இருப்பதில்லை.

தொடக்கத்தின் படிகள்

பழைய முறையான பயாஸில், மின்சாரம் வந்ததும் மதர்போர்டின் ஃபர்ம்வேர் தன் சோதனைகளை முடித்து, துவக்க வரிசையில் முதலில் உள்ள வன்தட்டின் முதல் செக்டரைப் படிக்கிறது. எம்பிஆர் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு 1983இல் வந்த பிசி டாஸ் 2.0 பதிப்போடு வழக்குக்கு வந்தது. 512 பைட் கொண்ட அந்தச் செக்டரில் 446 பைட் நிரலுக்கும், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கும், கடைசி 2 பைட் அடையாளத்துக்கும் உரியவை. அட்டவணையில் நான்கு பதிவுகளுக்கே இடம் உண்டு. 512 பைட் செக்டர் கொண்ட தட்டில் 2 டெபிபைட்டுக்கு அப்பாலுள்ள இடத்தை அதனால் குறிக்க முடியாது.

446 பைட்டுக்குள் ஒரு முழுப் பூட்லோடர் அடங்காது என்பதால் அது துண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள கிரப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எரிக் போலின் 1995இல் குனு ஹர்டு இயங்குதளத்தைத் தொடங்குவதற்காக எழுதத் தொடங்கிய நிரல் அது. இன்று புழங்குவது பின்னர் புதிதாக எழுதப்பட்ட கிரப் 2. அதன் முதல் துண்டு எம்பிஆரில் உட்காருகிறது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: இரண்டாவது துண்டு எந்தச் செக்டரில் தொடங்குகிறது என்பது. உள்ளகம் என்று சொல்லத்தக்க அந்த இரண்டாவது துண்டு, எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் கிடக்கிறது. பழைய தட்டுகளில் இந்த வெற்றிடம் ஏறக்குறைய 31 கிலோபைட். இப்போதைய வழக்கப்படி பார்ட்டிஷன்கள் 2048ஆவது செக்டரில் தொடங்குவதால் 1 மெபிபைட். உள்ளகம் விழித்ததும் லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேடி, அங்குள்ள பூட் அடைவிலிருந்து மாட்யூல்களையும் பட்டியலுக்கான அமைப்புக் கோப்பையும் எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு துண்டுகள் ஒரு தட்டிலும் மூன்றாவது வேறொரு தட்டிலும் இருக்க எந்தத் தடையும் இல்லை. கோளாறுகள் பலவற்றுக்கு இதுவே வேர்.

யுஇஎஃப்ஐ முறை இதை வேறு விதமாகச் செய்கிறது. இன்டெல் தன் ஐடேனியம் கணினிகளுக்காக உருவாக்கிய இஎஃப்ஐ, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்த யுஇஎஃப்ஐ மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. இதில் ஃபர்ம்வேருக்கு ஃபேட் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். ஆகவே பூட்லோடர் செக்டர்களில் ஒளிந்திருக்கத் தேவையில்லை. இஎஸ்பி எனப்படும் ஃபேட்32 பார்ட்டிஷனில் சாதாரணக் கோப்பாகவே இருக்கிறது. விண்டோஸின் கோப்பு மைக்ரோசாஃப்ட் என்ற அடைவிலும், உபுண்டுவின் கோப்பு உபுண்டு என்ற அடைவிலும் இருக்கும். எந்தத் தட்டின் எந்தப் பார்ட்டிஷனில் எந்தக் கோப்பு என்ற விவரமும், அவற்றின் முன்னுரிமை வரிசையும் மதர்போர்டின் என்விராம் என்ற நினைவகத்தில் பதிவாகின்றன. ஒன்றுமே பதிவாகாதபோது ஃபர்ம்வேர் தேடுவதற்கென்று பூட் என்ற பொது அடைவும், அதற்குள் வைக்கவேண்டிய கோப்பின் பெயரும் தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. யுஇஎஃப்ஐயுடன் வந்த ஜிபிடி அட்டவணை வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் தருகிறது. அதன் நகல் ஒன்று தட்டின் கடைசியிலும் இருக்கும்.

ஜிபிடி தட்டைப் பயாஸ் முறையில் தொடங்கவும் கிரப்பால் முடியும். ஆனால் ஜிபிடியில் எம்பிஆருக்குப் பின்னால் வெற்றிடம் கிடையாது என்பதால், உள்ளகத்துக்கென்று 1 மெபிபைட் அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்றைத் தனியாகப் படைக்க வேண்டும்.

தட்டுகளின் பெயரும் வரிசையும்

ஒரே தட்டை மூன்று தரப்புகள் மூன்று பெயரால் அழைக்கின்றன. லினக்ஸ் கர்னல் சாட்டா தட்டுகளைக் கண்டெடுத்த வரிசையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடுகிறது. பென் டிரைவும் இதே வரிசையில்தான் சேரும். விண்டோஸ், தட்டு 0, தட்டு 1 என்று எண்ணுகிறது. கிரப்போ ஃபர்ம்வேர் கொடுக்கும் வரிசையைப் பின்பற்றி எச்டி0, எச்டி1 என்கிறது. பயாஸ் முறையில் கணினி எந்தத் தட்டிலிருந்து தொடங்கியதோ அதுவே வழக்கமாக எச்டி0 ஆகும். கிரப் 2இல் தட்டுகள் சுழியிலிருந்தும் பார்ட்டிஷன்கள் ஒன்றிலிருந்தும் எண்ணப்படுகின்றன. பழைய கிரப்பில் இரண்டுமே சுழியிலிருந்து தொடங்கின. பழைய குறிப்புகளைப் பார்த்துக் கட்டளை எழுதுபவர்கள் முந்தைய பார்ட்டிஷனைத் தொட்டுவிடுவதற்கு இதுவே காரணம்.

இந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. சாட்டா கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினாலும், மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்தாலும், பென் டிரைவைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினாலும் வரிசை மாறிவிடலாம். அதனால்தான் லினக்ஸ், ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் உரிய யுயுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணுக்கு மாறியது. கிரப்பின் பட்டியல் கோப்பும், எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பும் இந்த எண்ணையே நம்புகின்றன.

இந்த ஏற்பாடு தோற்கும் இடமும் ஒன்று உண்டு. வன்தட்டை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தால் யுயுஐடியும் சேர்ந்தே நகலாகிறது. இரண்டு தட்டுகளையும் மாட்டியபடி கணினியைத் தொடங்கும்போது, ஒரே எண்ணுள்ள இரண்டு பார்ட்டிஷன்களில் எது முதலில் தென்படுகிறதோ அது எடுத்துக்கொள்ளப்படும். கர்னல் எஸ்எஸ்டியிலிருந்தும் மற்றக் கோப்புகள் பழைய தட்டிலிருந்தும் வந்து, கணினி நன்றாக இயங்குவதுபோலவே தோன்றும். பழைய தட்டை அழித்த அன்றுதான் உண்மை வெளிப்படும். விண்டோஸும் ஒரே கையொப்பம் உள்ள இரண்டு தட்டுகளைக் கண்டால் ஒன்றை ஆஃப்லைன் நிலையில் நிறுத்திவைக்கிறது. நகலெடுத்து முடித்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டு முதல் முறை தொடங்குவது, பின்பு அதை அழித்தோ அடையாள எண்களை மாற்றியோ மறுபடி மாட்டுவது ஆகியவையே பாதுகாப்பான வழி. லினக்ஸ் பார்ட்டிஷனின் எண்ணை மாற்றினால் எஃப்எஸ்டேப் கோப்பையும் கிரப் பட்டியலையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

பூட்லோடர் தவறான தட்டில் அமர்வது

பல தட்டுக் கணினிகளுக்கே உரிய கோளாறு இது. விண்டோஸ் நிறுவல் நிரல், தான் நிறுவப்படும் தட்டிலேயே பூட்லோடரை வைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கணினியில் ஏற்கெனவே வேறொரு தட்டில் இஎஸ்பி இருந்தால் அது அங்கேயே தன் கோப்புகளை எழுதிவிடுவதுண்டு. பயாஸ் முறையிலும், துவக்கத் தட்டு என்று ஃபர்ம்வேர் சொல்லும் தட்டில் விண்டோஸின் பூட்லோடரான பூட்எம்ஜிஆர் கோப்பும் அதன் துவக்க அமைப்புகளைக் கொண்ட பிசிடி பதிவகமும் சென்று சேரும். இரண்டு ஆண்டு கழித்துப் பழைய தட்டு பழுதாகியோ விற்கப்பட்டோ போகும்போது, புதிய தட்டில் முழுமையாக இருக்கும் விண்டோஸ் தொடங்க மறுக்கிறது.

உபுண்டு பல ஆண்டுகள் பயன்படுத்திய யுபிகுவிட்டி நிறுவல் நிரலிலும் இதையொத்த குறை இருந்தது. பூட்லோடரை எந்தத் தட்டில் வைப்பது என்று அது கேட்கும். இரண்டாவது தட்டைத் தேர்ந்தாலும், யுஇஎஃப்ஐ கணினியில் முதல் தட்டின் இஎஸ்பியிலேயே கிரப்பை எழுதிவிடும். வெளியே எடுத்துச் செல்லும் யுஎஸ்பி தட்டில் உபுண்டுவை நிறுவியவர்களைத்தான் இது அதிகம் வாட்டியது. கிரப் உள்தட்டிலும் அதன் மாட்யூல்கள் வெளித்தட்டிலும் இருந்ததால், தட்டைக் கழற்றியதும் வீட்டுக் கணினியில் கிரப்பின் வெற்றுக் கட்டளைத் திரைதான் வந்தது. வேறு கணினியில் செருகினால் அந்தத் தட்டும் தொடங்கவில்லை.

இந்த வகையில் பலரை ஒரே வாரத்தில் பாதித்த நிகழ்வு 2020இல் நடந்தது. கிரப்பில் பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறை இருப்பது அவ்வாண்டு ஜூலை 29 அன்று வெளியிடப்பட்டதும், டெபியன், உபுண்டு முதலிய வழங்கல்கள் திருத்தப்பட்ட கிரப்பை அனுப்பின. பயாஸ் முறையில் இயங்கிய கணினிகளில் கிரப் தொகுப்பு, எம்பிஆரை எந்தத் தட்டில் எழுத வேண்டும் என்பதை முன்பு பதிந்துவைத்த குறிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளும். தட்டு மாற்றியிருந்தவர்களிடமும், பல தட்டு வைத்திருந்தவர்களிடமும் அந்தக் குறிப்பு பழைய தட்டையோ இல்லாத தட்டையோ சுட்டியது. விளைவாக, லினக்ஸ் பார்ட்டிஷனிலிருந்த மாட்யூல்கள் புதியவையாகின. உண்மையில் கணினியைத் தொடங்கிவைத்த தட்டின் உள்ளகம் பழையதாகவே நின்றது. கிரப்_காலாக் என்ற செயல்கூறு புதிய மாட்யூல்களுக்குத் தேவை. பழைய உள்ளகத்தில் அது கிடையாது. அந்தக் குறியீடு கிடைக்கவில்லை என்ற பிழையோடு கணினிகள் கிரப் ரெஸ்க்யூ திரையில் நின்றன. எந்தக் கோப்பும் கெடவில்லை, எந்தத் தட்டும் பழுதாகவில்லை. ஒரு குறிப்பு தவறாக இருந்தது, அவ்வளவே. அந்தக் குறிப்பைத் திருத்த டெபியன் வழிக் கணினிகளில் கிரப்-பிசி தொகுப்பை மறுபடி அமைக்கும் கட்டளையை ஓட்டி, கணினி தொடங்கும் தட்டைத் தேர்ந்துவிடுவது போதும். தட்டு மாற்றும் ஒவ்வொருவரும் இதைச் செய்துவிடுவது நல்லது.

திரையில் தெரியும் அறிகுறிகள்

பிழைச் செய்தியைப் படித்தாலே எந்தப் படியில் தடை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். துவக்கச் சாதனம் இல்லை என்றோ, சரியான சாதனத்தைத் தேர்ந்தெடு என்றோ ஃபர்ம்வேரே சொன்னால், எந்தப் பூட்லோடரும் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. துவக்க வரிசை மாறியிருக்கலாம், என்விராம் பதிவு அழிந்திருக்கலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். சில ஃபர்ம்வேர்கள், ஒரு தட்டைக் காணாமல் ஒரு முறை தொடங்கினாலே அதற்குரிய பதிவை நீக்கிவிடும். தட்டை மறுபடி மாட்டினாலும் பதிவு திரும்பாது. பழைய கணினிகளில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, துவக்க வரிசையும் சாட்டா முறையும் ஒருசேர மாறிவிடும். கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கிக் காட்டினால் முதலில் அந்தப் பேட்டரியை மாற்ற வேண்டும்.

கிரப் ரெஸ்க்யூ என்ற திரை, உள்ளகம் ஓடுகிறது, மாட்யூல்கள் கிடைக்கவில்லை என்பதன் அடையாளம். விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தவர்கள் சந்திப்பது இதைத்தான். வெறும் கிரப் என்ற கட்டளைத் திரை வந்தால் நிலைமை இன்னும் எளிது: மாட்யூல்கள் கையில் உள்ளன, பட்டியல் கோப்பைத்தான் காணோம். உபுண்டுவின் இஎஸ்பியில் மூன்று வரிகள் கொண்ட சிறு கோப்பு ஒன்று உண்டு. லினக்ஸ் பார்ட்டிஷனின் யுயுஐடியைச் சொல்லி முதன்மைப் பட்டியலுக்கு வழிகாட்டுவது அதன் வேலை. அந்த எண் மாறிப்போன கணினிகளில் இந்தத் திரை வரும்.

பூட்எம்ஜிஆர் இல்லை என்ற செய்தியும், பிசிடியைப் படிக்க முடியவில்லை என்ற நீலத் திரையும் விண்டோஸ் தரப்பின் கோளாறுகள். எக்ஸ்பி காலத்தில் இதே இடத்தில் என்டிஎல்டிஆர் இல்லை என்ற செய்தி வந்தது. அந்த என்டிஎல்டிஆர், தான் முதல் தட்டில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும் இயல்புடையது. இரண்டாம் தட்டிலிருந்து அதைத் தொடங்க, தட்டுகளின் வரிசையைத் தற்காலிகமாக மாற்றிக்காட்டும் டிரைவ்மேப் கட்டளையைக் கிரப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளுக்கு இது தேவைப்படுவதில்லை.

பிழையே இல்லாமல், பட்டியலில் விண்டோஸ் மட்டும் காணாமல் போவது மற்றொரு வகை. 2021இல் வந்த கிரப் 2.06, பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் நிரலை இயல்பாகவே நிறுத்திவைத்தது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை மறுபடி அனுமதித்துப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பிவிடும். லினக்ஸ் பயாஸ் முறையிலும் விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையிலும் நிறுவப்பட்டிருந்தால் மட்டும் இது பலிக்காது. பயாஸ் முறையில் ஓடும் கிரப்பால் யுஇஎஃப்ஐ நிரலை அழைக்க முடியாது.

கண்டறியும் வரிசை

முதலில், ஃபர்ம்வேரின் துவக்கப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே தேர்ந்து பார்க்க வேண்டும். தயாரிப்பைப் பொறுத்து எஃப்8, எஃப்11, எஃப்12 போன்ற விசைகளில் ஒன்று இதைத் திறக்கும். கோளாறு துவக்க வரிசையில் மட்டும் இருந்தால் இங்கேயே முடிந்துவிடும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் அதன் பூட் மேனேஜரை வரிசையின் முதலில் வைத்துவிடுவது வழக்கம்; லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பலரை நம்பவைக்கும் இந்த நிலைக்கு, வரிசையை மாற்றுவதே மருந்து.

அடுத்து, லினக்ஸ் லைவ் யுஎஸ்பி ஒன்றால் கணினியைத் தொடங்க வேண்டும். எந்த முறையில் அது தொடங்குகிறது என்பது முக்கியம். பல கணினிகளின் துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை, யுஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடும் அது இல்லாமலும் தெரியும். நிறுவப்பட்ட இயங்குதளம் எந்த முறையில் உள்ளதோ அதே முறையில்தான் லைவ் யுஎஸ்பியும் தொடங்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கிரப் தவறான வகையில் நிறுவப்பட்டு, ஒரு கோளாறு இரண்டாகும். லைவ் அமர்வில் சிஸ் அடைவின் ஃபர்ம்வேர் உட்பிரிவில் இஎஃப்ஐ என்ற அடைவு இருந்தால் யுஇஎஃப்ஐ முறை. இல்லையென்றால் பயாஸ் முறை.

அதன்பின் தட்டுகளைப் படிக்கலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளை எல்லாத் தட்டுகளையும் பார்ட்டிஷன்களையும் காட்டும்; உரிய விருப்பத்தோடு ஓட்டினால் யுயுஐடி எண்களும் தெரியும். இங்கே தட்டின் அளவையும் மாடல் பெயரையும் வைத்து அடையாளம் காண்பதே நல்லது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது. எந்தத் தட்டுகளில் இஎஸ்பி உள்ளது, ஒவ்வொன்றிலும் எந்தெந்த அடைவுகள் உள்ளன என்று திறந்து பார்க்க வேண்டும். இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை என்விராம் பதிவுகளைக் காட்டும். ஒவ்வொரு பதிவிலும் இஎஸ்பியின் அடையாள எண் இருக்கும். அந்த எண்ணுள்ள பார்ட்டிஷன் இப்போது எந்தத் தட்டில் உள்ளது, உண்மையில் உள்ளதா என்று ஒப்பிட்டால் அறுந்த இடம் தெரிந்துவிடும். பூட்-ரிப்பேர் என்ற இலவச நிரல் இந்த விவரங்களையெல்லாம் ஒரே அறிக்கையாகத் தொகுத்துத் தருகிறது. அதன் தானியங்கிச் சீரமைப்பை, பல தட்டுக் கணினியில் அறிக்கையைப் படிக்காமல் அழுத்துவது நல்லதல்ல.

ஒரு தட்டே லினக்ஸுக்குத் தென்படவில்லையானால் கோளாறு பூட்லோடரில் இல்லை. சாட்டா கட்டுப்படுத்தி ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி முறையில் இருக்கும்போது இப்படி நேர்வதுண்டு. அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தட்டு தெரியும். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். விண்டோஸை முதலில் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு, ஃபர்ம்வேரில் முறையை மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் ஏறி இறங்கினால் அது புதிய டிரைவரை ஏற்றுக்கொள்ளும்.

சீரமைப்பு

கட்டளைத் திரையிலிருந்தே லினக்ஸை ஒரு முறை தொடங்கிவிட முடியும். கிரப் ரெஸ்க்யூவில் எல்எஸ் என்று எழுதினால் தட்டுகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து, பூட் அடைவுக்குள் கிரப் அடைவு உள்ள பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, அதை ரூட் என்றும், அந்த அடைவை பிரிஃபிக்ஸ் என்றும் செட் கட்டளையால் அறிவிக்க வேண்டும். பிறகு நார்மல் என்ற மாட்யூலை இன்ஸ்மாட் கட்டளையால் ஏற்றி, நார்மல் என்று ஆணையிட்டால் வழக்கமான பட்டியல் வந்துவிடும். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. லினக்ஸ் தொடங்கியதும் கிரப்பைச் சரியான தட்டில் நிறுவிவிட வேண்டும். மாட்யூலுக்கும் உள்ளகத்துக்கும் பதிப்பு பொருந்தாத 2020 வகைக் கோளாறில் இந்த வழி அடைபட்டுவிடும்; அங்கே லைவ் யுஎஸ்பிதான் துணை.

லைவ் யுஎஸ்பியிலிருந்து சீரமைக்கும் முறை சிரூட் எனப்படும். லினக்ஸின் வேர்ப் பார்ட்டிஷனை ஓர் அடைவில் இணைத்து, யுஇஎஃப்ஐ கணினியானால் சரியான தட்டின் இஎஸ்பியை அதற்குள் பூட், இஎஃப்ஐ என்ற வழியில் இணைக்க வேண்டும். டெவ், பிராக், சிஸ், ரன் ஆகிய அடைவுகளையும் பிணைத்துவிட்டு உள்ளே நுழைந்தால், தட்டிலுள்ள லினக்ஸுக்குள்ளேயே இருந்து கட்டளையிடுவது போன்ற நிலை கிடைக்கும். அங்கிருந்து கிரப்-இன்ஸ்டால் கட்டளையும், பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையும் போதும். பயாஸ் முறையில் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழுத் தட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனின் பெயரை அல்ல. யுஇஎஃப்ஐ முறையில் தட்டின் பெயருக்கு மதிப்பில்லை. எந்த இஎஸ்பி இணைக்கப்பட்டுள்ளதோ அங்குதான் எழுதப்படும். தவறான தட்டின் இஎஸ்பியை இணைத்துவிட்டால், கட்டளை வெற்றி என்று சொன்னாலும் பழைய சிக்கல் அப்படியே தொடரும். என்விராம் பதிவுகளைத் தக்கவைக்காத மதர்போர்டுகளில், ரிமூவபிள் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் கிரப் பொது அடைவில் எழுதப்பட்டு, பதிவு இல்லாமலே தொடங்கும்.

விண்டோஸ் தரப்பில் சீரமைப்பதற்கு அதன் நிறுவல் யுஎஸ்பி வேண்டும். அதைத் தொடங்குவதற்கு முன் கணினியை முழுதும் அணைத்து, லினக்ஸ் தட்டின் கேபிளைக் கழற்றிவிடுவது சிறந்த பழக்கம். எம்.2 எஸ்எஸ்டியானால் திருகைக் கழற்றி எடுக்க வேண்டும். சில ஃபர்ம்வேர்களில் போர்ட்டை முடக்கியே வைக்கலாம். கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட் மூலம் இஎஸ்பிக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, விண்டோஸ் அடைவையும் அந்த எழுத்தையும் குறித்து பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால் பூட்லோடர் கோப்புகளும் பிசிடியும் புதிதாக உருவாகும். மீட்புச் சூழலில் விண்டோஸ் பார்ட்டிஷனின் எழுத்து சி ஆக இல்லாமலிருக்கலாம் என்பதால் முதலில் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் தட்டில் இஎஸ்பியே இல்லாவிட்டால், ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கிச் சில நூறு மெகாபைட்டில் புதிதாகப் படைக்கலாம். பூட்ரெக் கட்டளையின் ஃபிக்ஸ்எம்பிஆர் பிரிவு பயாஸ் முறைக்கு உரியது. கிரப் அமர்ந்துள்ள எம்பிஆரின்மேல் அது எழுதிவிட்டால் லினக்ஸ் தொடங்காது. கிரப்பை மறுபடி நிறுவ வேண்டிவரும். யுஇஎஃப்ஐ கணினியில் அதனால் பயன் இல்லை.

எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவி 2017இல் விண்டோஸ் 10இன் 1703 பதிப்போடு வந்தது. விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐயைக் கட்டாயமாக்கியதால் இதன் பயன்பாடு கூடியது. மாற்றத்துக்குப் பின் ஃபர்ம்வேரை யுஇஎஃப்ஐ முறைக்குத் திருப்ப வேண்டும். அப்போது வேறு தட்டில் பயாஸ் முறையில் நிறுவியிருந்த லினக்ஸ் தொடங்காது. அதற்கும் ஓர் இஎஸ்பி படைத்து யுஇஎஃப்ஐ வகைக் கிரப்பை நிறுவுவதே வழி.

பாதுகாப்பு ஏற்பாடுகளால் வரும் தடைகள்

செக்யூர் பூட் இயங்கும்போது கையொப்பமிட்ட நிரல்களையே ஃபர்ம்வேர் ஓடவிடுகிறது. லினக்ஸ் வழங்கல்கள் இதற்காக, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரலை முதலில் வைத்து, அதன் வழியாகக் கிரப்பை அழைக்கின்றன. பழைய, குறையுள்ள பூட்லோடர்களைத் தடுக்க எஸ்பேட் என்ற பதிப்பு வரிசை உண்டு. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு அந்த வரிசையை உயர்த்தியது. டூயல் பூட் கணினிகளில் அது செயல்படாது என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தும், சில அமைப்புகளை அந்தப் புதுப்பிப்பு டூயல் பூட் என்று கண்டுகொள்ளவில்லை. லினக்ஸைத் தேர்ந்தால் எஸ்பேட் சோதனை தோற்றது என்ற செய்தியோடு கணினி நின்றது. அந்த வரிசை பதிவாகும் என்விராம் எல்லாத் தட்டுகளுக்கும் பொது என்பதால், தனித் தட்டில் லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸில் மோக்யுடில் கருவியால் எஸ்பேட் கொள்கையை நீக்கி, மறுதொடக்கம் செய்து, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குவது தீர்வாக அமைந்தது.

பிட்லாக்கர் குறியாக்கம் உள்ள விண்டோஸ் தட்டு, தொடக்கப் பாதையிலோ செக்யூர் பூட் நிலையிலோ மாற்றம் கண்டால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஃபர்ம்வேரில் எதைத் தொடுவதற்கு முன்பும் அந்த எண்ணைக் கணினிக்கு வெளியே எழுதிவைத்துக்கொள்வது மிக அவசியம். அது இல்லாமல் தட்டிலுள்ள தரவைத் திறக்க வழி கிடையாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேறு வகைத் தொல்லை: அணைத்ததாகத் தோன்றும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருப்பதால், அதன் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களை லினக்ஸ் எழுதும் உரிமையோடு இணைக்க மறுக்கும். டூயல் பூட் கணினியில் அதை நிறுத்திவிடுவதே நல்லது.

அமைக்கும்போதே செய்யத்தக்கவை

பல தட்டுக் கணினிக்கு மிகவும் உறுதியான அமைப்பு, ஒவ்வொரு தட்டிலும் அதனதன் இயங்குதளத்துக்கு உரிய இஎஸ்பியையும் பூட்லோடரையும் வைப்பது. இதை அடைய நம்பகமான வழி, ஓர் இயங்குதளத்தை நிறுவும்போது மற்றத் தட்டுகளைக் கழற்றிவைப்பதுதான். நிறுவல் நிரலுக்குத் தெரியாத தட்டில் அது எதையும் எழுத முடியாது. பிறகு எல்லாவற்றையும் மாட்டி, லினக்ஸ் தட்டை வரிசையில் முதலாக வைத்து, கிரப்பின் பட்டியலில் விண்டோஸையும் சேர்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் தட்டு பழுதானாலும் விண்டோஸ் தன் தட்டிலிருந்து தானே தொடங்கும். ஒரே வழங்கலின் இரண்டு நிறுவல்களை ஓர் இஎஸ்பியில் வைத்தால் இரண்டும் ஒரே பெயருள்ள அடைவில் எழுதி ஒன்றையொன்று அழிக்கும் சிக்கலும் இதில் எழுவதில்லை.

பூட்லோடரைத் தேர்ந்தெடுப்பதிலும் தட்டுகளின் எண்ணிக்கைக்கு இடம் உண்டு. ரோட்ரிக் ஸ்மித் உருவாக்கிய ரெஃபைண்ட், ஒவ்வொரு தொடக்கத்திலும் எல்லாத் தட்டுகளின் இஎஸ்பிகளையும் தேடிப் பட்டியலிடுகிறது. தட்டுகளை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இது வசதி. சிஸ்டம்டி-பூட் எளிமையானது என்றாலும், தான் இருக்கும் தட்டுக்கு வெளியே உள்ள இஎஸ்பியைத் தானாகப் பார்ப்பதில்லை. விண்டோஸ் வேறு தட்டில் இருந்தால் அதன் பட்டியலில் வராது. கிரப் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: எந்தத் தட்டையும் எட்டும், ஆனால் பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னால்தான் புதுப்பிக்கும்.

கணினி நன்றாக ஓடும் நாளிலேயே என்விராம் பதிவுகள், தட்டுகளின் யுயுஐடி பட்டியல், பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஆகியவற்றை வெளியே ஒரு பென் டிரைவில் சேமித்துக்கொள்ளலாம். எம்பிஆர் தட்டானால் முதல் செக்டரை நகலெடுத்துக்கொள்ளலாம். ஜிபிடிக்கு எஸ்ஜிடிஸ்க் கருவியின் பேக்கப் வசதி உண்டு. எம்பிஆர் நகலைத் திரும்ப எழுதும்போது அட்டவணையும் சேர்ந்தே எழுதப்படும். இடையில் பார்ட்டிஷன்களை மாற்றியிருந்தால் 446 பைட்டை மட்டும் திரும்ப எழுத வேண்டும். 512 பைட்டையும் எழுதினால் பழைய அட்டவணை வந்து புதிய பார்ட்டிஷன்கள் மறைந்துவிடும்.